ஆமாம் போட்ட கை

பெண்கள் தனிச்சிறை, புழல்
9 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

மதி எழுதுகிறேன். உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறது. இங்கே எல்லா வலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான். நீ எப்படி இருக்கிறாய்? பூஜா அண்ணிக்கு வாந்தி நின்றதா?

போனில் பேசலாம்தான். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது. தோளுக்குப் பின்னால் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் முத்திரை குத்தி அனுப்புவார்கள். படிக்கட்டும்.

என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்று உனக்கு ஒழுங்காக விளக்க முடியவில்லை. ஓர் இணையதளத்தைத் திறந்தால் முகவரிக்கு முன்னால் சின்னதாகப் பூட்டுப் படம் வரும் அல்லவா? அது வர வேண்டுமென்றால் அந்தத் தளத்துக்கு எஸ்.எஸ்.எல். என்று ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். மூன்று வருடமாக அதுதான் என் வேலை. தி. நகர் ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், மயிலாப்பூர் சபாக்கள், அடையாறு பல் டாக்டர் என்று நானூறு தளங்களுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கெடுவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், இனிமேல் கையால் முடியாது என்று போன தீபாவளிக்கு அய்யாதுரை சார் ஓர் ஏஐ ஏஜென்ட் வாங்கினார். முகவரியைச் சொன்னால் போதும். அதுவே விண்ணப்பிக்கும், அதுவே சான்றிதழை வாங்கித் தளத்தில் பொருத்தும். சந்தேகம் வந்தால் மட்டும் நம்மைக் கேட்கும். யாராவது ‘ஆமாம்’ என்று அழுத்த வேண்டும்.

ஆளுக்கு ஒரு கணக்கு என்றால் ஆளுக்கு ஒரு கட்டணம். சார் ஒரே ஒரு கணக்குதான் வாங்கினார், என் பெயரில். பாஸ்வேர்டை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தார். என் நாற்காலியில் யார் உட்கார்ந்து அழுத்தினாலும் அது மதுமதி அழுத்தியதுதான்.

ஆற்றங்கரையைக் காலி செய்கிறவர்களுக்கு ஊருக்குள்ளேயே வீடு என்று வந்ததே ஒரு தளம், அரசு வாரியத்தினுடையது போலவே, அந்தப் போலிக்கு எங்கள் ஏஜென்ட்தான் சான்றிதழ் எடுத்துக் கொடுத்திருக்கிறது. நம் பாலத்தடி ஜனம் அதில் ஆதாரையும் ஓடிபியையும் போட்டுச் சேமிப்பைப் பறிகொடுத்தது. தளத்தை நடத்தியவர்களை இன்னும் பிடிக்கவில்லை. ஏஜென்டின் பதிவில் ‘ஆமாம், மதுமதி’ என்று இருந்தது. என்னைப் பிடித்துவிட்டார்கள்.

பதிவில் இருக்கும் அந்த வியாழக்கிழமை மதியம் நான் ஆபீசிலேயே இல்லை. உஸ்மான் ரோடு கடையில் விலை காட்டும் திரை ஓடவில்லை என்று சார்தான் என்னை அனுப்பினார். அவருக்குத் தெரியும். அண்ணிக்கும் ஆபீசில் என் பக்கத்து நாற்காலிதானே. என் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். கேட்டு எழுது. அவள் போலீசிடம் சொன்னால் நான் வெளியே வந்துவிடுவேன்.

அண்ணி நேரத்துக்குச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
மதி

*

பாலத்தடி நகர், அடையாறு
20 பிப்ரவரி 2026

அன்புத் தங்கை மதிக்கு,

அண்ணன் சேரன் எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். பல்லுக்குக் கிராம்பு வைத்துக்கொள். அங்கே கிடைக்குமா தெரியவில்லை. அண்ணிக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது, இப்போது காலில் நீர். கோடை வருவதற்குள் காந்தி நகர் முழுக்க ஏசி சர்வீஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. புழலுக்கு வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

தெருவில் நம்மோடு யாரும் பேசுவதில்லை. குழாயடியில் அண்ணியைப் பார்த்து, “பூட்டு வூட்டுக்காரி வர்றா, வழி வுடுங்கடி” என்கிறார்கள். நீதானே வீடு வீடாகப் போய்ப் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லாமல் விவரம் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தாய். அதைத்தான் எல்லோரும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அய்யாதுரை சார் வீட்டுக்கு வந்தார். “நம்ம புள்ளைப்பா அது, நான் விட்டுருவேனா” என்றார். உனக்கு வக்கீல் வைத்துவிட்டாராம். பெயர் பிரணவ். அவர் சொல்கிறபடி கேள்.

நீ கேட்டதை அண்ணியிடம் கேட்கிறேன். இப்போது அவளுக்கு மனக்கவலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தைரியமாக இரு.

அண்ணன்,
சேரன்

*

புழல்
27 பிப்ரவரி 2026

அண்ணா,

கடிதம் வந்தது. கிராம்பு இங்கே கிடைக்காது. வலி கொஞ்சம் பழகிவிட்டது. அண்ணி காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கட்டும், நீர் இறங்கும்.

வக்கீல் வந்தார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துரும்மா. சின்ன கேஸாப் போயிரும்.”

“நான் அன்னிக்கி அங்க இல்லியே சார்.”

“அது மெஷினுக்குத் தெரியாதே. மெஷின்ல உன் பேருதான் இருக்கு.”

“எங்க சாருக்குத் தெரியும்.”

“அவரை ஏன் இழுக்கறே? நான் உனக்குத்தான் வக்கீல்.”

“உங்களுக்கு ஃபீஸ் யார் சார் குடுக்குறது?”

அவர் வாட்சைப் பார்த்தார்.

ஏஜென்ட் கேட்ட கேள்வியைப் போலீஸ் அச்செடுத்துக் காட்டியது. ‘இவர் புதிய வாடிக்கையாளர். முகவரி அரசு வாரியம் ஒன்றின் பெயரைப் போலவே இருக்கிறது. மோசடியாக இருக்கலாம். தொடரலாமா?’ எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கிறது பார். ஆனால் இங்கிலீஷில் கேட்டிருக்கிறது. இதே போல நாள் முழுக்க நூறு கேள்வி கேட்கும். கேள்வியைப் படித்துக்கொண்டு உட்கார்ந்தால், “ஏம்மா, அது மெஷினு, அதுக்கு எல்லாத்துலயும் டவுட்டு. நீ ஆமாம் போடு, கஸ்டமர் காத்திருக்கான்” என்று சார் வந்து நிற்பார். இப்போது அதே சார் பேப்பர்காரர்களிடம், எங்கள் கருவி எச்சரித்தது, ஊழியர் மீறிவிட்டார் என்று சொல்கிறார். எதற்கு மனுஷியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கேஸ் போட மெஷினுக்குக் கழுத்து இல்லை.

ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை.

அண்ணியிடம் கேட்டாயா? அதை மட்டும் எழுது.

மதி

*

அடையாறு
24 மார்ச் 2026

அன்புள்ள மதிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. உன் பல் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு ஸ்கேன் எடுத்தோம். குழந்தை நன்றாக இருக்கிறதாம்.

சார் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அண்ணி இனிமேல் படி ஏறி இறங்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கட்டும் என்று உன் வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிகிறது. நீ அவரைப் பற்றி அப்படியெல்லாம் எழுதாதே. கடிதத்தைப் படிக்கிறார்கள் என்று நீயே சொல்கிறாய். ஆபீஸ் சமாசாரம் எதையும் எழுத வேண்டாம்.

ஆப்பக்கடை அமீனா பீ உன்னைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். புகார் கொடுத்ததே அவள்தான். பார்க்காதே.

சேரன்

*

புழல்
2 ஏப்ரல் 2026

அண்ணனுக்கு,

எல்லோரும் நலமாக இருங்கள். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

அமீனா பீ மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். இதுவரை என்னைப் பார்க்க வந்த ஒரே ஆள் அவள்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் தேடினாள். நான் நேர் எதிரே நின்றும் அவளுக்குத் தெரியவில்லை. கண் அவ்வளவு மங்கிவிட்டது.

“இன்னாடி மதி, எளச்சிட்ட.”

“நல்லா கீறியா அமீனாம்மா?”

“எங்க. கண்ணு ஆபரேசனுக்கு வெச்சிருந்த காசு போச்சு, கண்ணும் போய்க்கினு கீது. ஒன்ன நல்லா நாலு கேள்வி கேக்கலாம்னுதான் மூணு பஸ் மாறி வந்தேன்.”

“கேளு.”

“பூட்டு படம் இருந்தா நம்பலாம்னு நீதான சொன்ன?”

“சொன்னேன். பாதிதான் சொன்னேன். நீ போடுற விவரத்த வழியில வேற எவனும் படிக்க முடியாது, பூட்டு இருந்தா அவ்ளோதான் அர்த்தம். அந்தாண்ட வாங்கிக்கிறவன் திருடனா நல்லவனான்னு அதுக்குத் தெரியாது.”

“அந்தப் பாதிய ஏன்டி முழுங்கின?”

“ஆபீஸ்ல எனக்கு யாரும் கத்துக்குடுக்கல. பூட்டு வந்தா வேல முடிஞ்சிதுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க.”

அவள் வலைக்கு இன்னும் கிட்டே வந்தாள். பிறகு கேட்டாள். “ஒங்க அண்ணி இன்னாத்துக்குடி என்னைக் கண்டா சந்து மாறிப் போறா? நான் ஒம்மேலதான கேஸ் குடுத்தேன். அவள இன்னா பண்ணேன்?”

நேரம் முடிந்தது என்று வார்டர் விரட்டியது நல்லதாகப் போயிற்று.

அண்ணா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அன்று என் நாற்காலியில் உட்கார்ந்தது அண்ணிதானே?

மதி

*

புழல்
29 ஏப்ரல் 2026

அண்ணனுக்கு,

பதில் இல்லை. கடிதம் வரவில்லையா, வந்து மடித்து வைத்துவிட்டாயா தெரியவில்லை.

என் ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. விசாரணை அன்று பிரணவ் சார் கோர்ட்டுக்கு வரவில்லை. குற்றப்பத்திரிகையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அய்யாதுரை சார் சாட்சி. வியாழக்கிழமை மதியம் நான் ஆபீசில்தான் இருந்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். உஸ்மான் ரோடு கடையில் யாரும் விசாரிக்கவே இல்லை.

சும்மா ஒரு வரியாவது எழுது.

மதி

*

அடையாறு
11 மே 2026

மதி,

சாப்பிடுகிறாயா? இங்கே வெயில் தாங்கவில்லை. அண்ணிக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. உப்பே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாள்.

நீ எழுதியதற்கெல்லாம் நான் என்ன பதில் சொல்வது? இரண்டு பேரும் உள்ளே போவதால் யாருக்கு என்ன லாபம்? குழந்தையை ஜெயிலிலா பெற்றுக்கொள்ள முடியும்? நீ தனி ஆள். படித்தவள். சமாளித்துக்கொள்வாய். இன்னும் கொஞ்ச நாளில் உன்னை வெளியே எடுத்துவிடுவதாகச் சார் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அண்ணியின் சம்பளத்தில்தான் இந்த வீடு நடக்கிறது. ஏசி வேலை கோடையோடு போய்விடும்.

உன்னை யாரும் மறந்துவிடவில்லை. இதை நீ புரிந்துகொள்வாய் என்றுதான் அண்ணியும் சொன்னாள்.

சேரன்

*

புழல்
19 மே 2026

அண்ணனுக்கு,

நான் சாப்பிடுகிறேன். அண்ணிக்குப் பிரஷர் இருந்தால் தனியார் கிளினிக்கை நம்பாதே, பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வை.

‘தனி ஆள்’ என்று எழுதியிருந்தாய். அப்பா போனபோது உன் ஐடிஐ ஃபீஸுக்காகப் படிப்பை நிறுத்தினேன். அப்போது நான் தனி ஆளாக இல்லை. கல்யாணமாகி வந்த அண்ணியை எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லி ஆபீசில் சேர்த்துவிட்டேன். அப்போதும் இல்லை. உள்ளே வந்த பிறகு ஆகிவிட்டேன்.

கோபத்தை இதோடு நிறுத்துகிறேன். இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம்.

வக்கீலை மாற்றிவிட்டேன். இலவச சட்ட உதவியில் ஜானகி என்று ஒரு மேடம் வருகிறார். எல்லாவற்றையும் கேட்டார். அண்ணி பெயரைச் சொன்னால் என்னை விட்டுவிடுவார்களா என்றேன். “உன்னை விட மாட்டாங்க. அவங்களை ரெண்டாவது ஆளா சேர்த்துப்பாங்க” என்றார். பிறகு அண்ணி வேலை செய்யும் விதத்தைக் கேட்டார். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

அண்ணிக்கு இங்கிலீஷ் கேள்வி என்றால் பயம். ஒவ்வொரு முறையும் திரையைத் தன் போனில் போட்டோ எடுத்துச் சாருக்கு அனுப்பி, “சார், இன்னா போட?” என்று கேட்பாள். அவர் பதில் அனுப்பிய பிறகுதான் கை வைப்பாள். நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றும் கேட்காமல் அழுத்தியிருக்க மாட்டாள். அந்தப் போட்டோவும் அவர் சொன்ன பதிலும் அவள் போனில் இருக்கும். மோசடியாக இருக்கலாம் என்று படித்துவிட்டு ஆமாம் போடச் சொன்னவர் அவர். அது கோர்ட்டுக்கு வந்தால் முதல் ஆள் அவர்தான். அண்ணி கேட்டுச் செய்தவள். நான் இடத்திலேயே இல்லாதவள்.

அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஜானகி மேடத்தைப் போய்ப் பார். மயிலாப்பூர், குளத்துக்குப் பின்னால்தான் ஆபீஸ். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். போன் போதும். அதில் எதையும் அழிக்காதே. சாரிடம் சொல்லாதே.

மதி

*

அடையாறு
22 ஜூன் 2026

அன்புத் தங்கை மதிக்கு,

நல்ல செய்தி. உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். ஆபரேஷன்தான். மூக்கு அப்படியே உன் மூக்கு.

நீ சொன்ன இடத்துக்குப் போகலாம் என்றுதான் இருந்தேன். அண்ணி வேண்டாம் என்று அழுதாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம், அதிலேயே நாள் ஓடிவிட்டது. சார் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அண்ணியிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார். அவளுக்குப் புதுப் போன் கொடுத்தார், குழந்தையைப் படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று. பழையதை அவரே வாங்கிக்கொண்டார். நீ கேட்டது அதில் இருந்தது மதி. நானும் பார்த்தேன். இனி இல்லை. என் கண் முன்னால்தான் வாங்கிப் பையில் போட்டார். நான் என்ன செய்ய முடியும்? பில் கட்ட அவர்தான் நின்றார்.

போனது போகட்டும். குழந்தைக்கு உன் பெயரையே வைக்கலாம் என்று நானும் அண்ணியும் முடிவு செய்திருக்கிறோம். நீ வந்து தூக்கும்போது அவள் தவழ்வாள்.

இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அண்ணன்,
சேரன்

*

புழல்
29 ஜூன் 2026

அண்ணனுக்கு,

குழந்தை நன்றாக இருக்கட்டும். அண்ணிக்குத் தையல் ஆறும்வரை தண்ணீர்க் குடம் தூக்க விடாதே.

என் பெயரை வைக்க வேண்டாம். வேறு நல்ல பெயர் பார்.

உன் கடிதத்தை ஜானகி மேடத்திடம் கொடுத்துவிட்டேன். போன் போய்விட்டது என்று சொன்னதும் அவர் முதலில் பேனாவை மூடிவிட்டார். அது எப்படித் தெரியும் என்று கேட்டார். அண்ணன் எழுதியிருக்கிறான் என்றேன். படித்தார். அதில் உன் கையெழுத்து இருக்கிறது. சிறை முத்திரையும் தேதியும் இருக்கிறது. போனில் அது இருந்தது, நானும் பார்த்தேன், யார் வாங்கிப் பையில் போட்டார் என்பதெல்லாம் உன் வார்த்தையிலேயே இருக்கிறது. இதைக் கோர்ட்டில் வைத்தால் சாரின் போனைக் கைப்பற்றக் கேட்கலாம் என்றார். “உன் அண்ணனையும் கூண்டுல ஏத்துவாங்க. அண்ணியையும் விசாரிப்பாங்க. யோசிச்சுச் சொல்லு” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மனு போட்டுவிட்டார்கள். காணொளியில் நீதிபதி என்னிடம் கேட்டார். அய்யாதுரை சார் பெயரையும் அண்ணி பெயரையும் என் வாயால் சொன்னேன்.

அண்ணியைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்வாய். சொல். நான் காட்டியது சாரை. நடுவில் அண்ணி நிற்கிறாள். அவளை அங்கே நான் நிறுத்தவில்லை.

கோபத்தில் இதைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. விசாரணைக்குப் போலீஸ் வரும். அண்ணி பச்சை உடம்புக்காரி, அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கூப்பிட்டால் அனுப்பாதே. வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும், பெண் போலீஸ் இருக்க வேண்டும். குழந்தையை அவள் மடியில் வைத்துக்கொள்ளட்டும். சாரின் வக்கீல் வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. சாருக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டாள், அவர் சொன்ன பிறகு அழுத்தினாள். அண்ணி இதை மட்டும் சொன்னால் போதும். கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிக் கொடு என்பார்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்.

மதி